கொடைக்கானல் மலையில் ஆய்வுத் திட்டம்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் பிறந்து கல்லூரி திறந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். "மேம், ப்ராஜெக்டுக்குத் தலைப்பு..." என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்கள். நான் இந்த மலையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். அடுத்த அறையில் கணினி அறிவியல் நடத்தும் நண்பரும் நானும் சில ஆண்டுகளாக இரு துறைப் பிள்ளைகளையும் ஜோடி சேர்த்தே திட்டங்களுக்கு அனுப்பி வருகிறோம். அந்த வாசலில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஆண்டு முதன்முறையாகக் கைடு ஆகும் ஆசிரியர்களும் படிக்கலாம்.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கணினி மாணவரோடு எதற்கு ஜோடி?

நம் ஊர் சூரிய ஆய்வுக்கூடம் எப்படி வந்தது தெரியுமா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கான ஜனம் செத்தது. மழை ஏன் பொய்த்தது, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. மிச்சி ஸ்மித் என்பவர் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் பார்த்துவிட்டுக் கொடைக்கானலே ஏற்றது என்றார். 1899இல் ஆய்வுக்கூடம் இங்கே அமைந்தது. 1909இல் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

பசித்த வயிறு எழுப்பிய கேள்விக்குக் கண்ணாடித் தகட்டில் பதில் தேடியிருக்கிறார்கள். 1904 முதல் வானம் வழிவிட்ட நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தகடுகளும் ஃபிலிம்களும் இன்று கணினிப் படங்களாக மாற்றப்பட்டு, ஆய்வாளர்கள் பயன்படுத்தக் கிடைக்கின்றன. புள்ளிகளைத் தானாக எண்ணும் நிரலைக் கணினி மாணவி எழுதிவிடுவாள். அதே பஞ்சத்தைப் பாடிய பஞ்சக்கும்மிகளை எடுத்து, எந்த மாதம் விதைத்தார்கள், எந்த மாதம் மழை தப்பியது, எந்தத் தானியம் என்ன விலை விற்றது என்று அடி அடியாகப் பிரித்துக் கொடுக்க உங்களால்தான் முடியும். அவள் எண்ணிக்கையை 1904க்குப் பிந்தைய மழைக் கணக்கோடும், உங்கள் தரவைப் பஞ்ச கால மழைக் கணக்கோடும் பக்கத்தில் வைத்து வரைபடம் போடலாம். ஒருவர் மட்டும் செய்தால் இது அரைகுறையாகத்தான் நிற்கும்.

தலைப்பை எப்படித் தேர்வது?

சின்னதாகத் தேருங்கள். "பழனி மலை மக்களின் வாழ்வியல்: ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். ஆறு மாதத்தில் அதில் ஒரு மூலையைக்கூடத் தொட முடியாது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே கேள்வி போதும்.

ஓர் உதாரணம். மலைப்பூண்டு உங்களில் பாதிப் பேர் வீட்டில் விளைகிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான முயற்சியில் 1984இல் தொடங்கிய, இந்த மலையிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. லேபில் செய்த வேலை ஊரின் பெயரைச் சட்டத்தில் ஏற்றியது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று வேண்டாம். ஆனால் பூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது அத்தோடு தீர்ந்துவிடவில்லை. பூம்பாறையில் பூண்டைத் தாளோடு முடிந்து பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டும் வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் ஒவ்வொரு முடிச்சையும் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, சிலதை வலப்பக்கமும் சிலதை இடப்பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மாணவி "எதுக்குப் பாட்டி தட்டுறீங்க?" என்று கேட்டாள். காய்ந்த பூண்டு கலகலக்கும், காயாதது ஊமையாக இருக்கும் என்றார். விதைக்கு எடுப்பது எது, விற்பதற்கு எது என்று அந்தச் சத்தத்திலேயே பிரித்துவிடுகிறார். "பூண்டு காய்ந்ததைக் காதால் அறிவது எப்படி?" என்பதுதான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த தலைப்பு. சத்தத்தை அளக்க ஒருத்தி, அதற்கு வழங்கும் சொற்களைத் திரட்ட ஒருத்தி என்று இருவர் செய்தார்கள்.

ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா என்று எங்கே பார்ப்பது?

முதலில் சோத்கங்கா தளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே கிடைக்கும். செண்பகனூரில் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். செடி கொடிகள் பற்றி என்றால் கே. எம். மேத்யூ அடிகளார் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட தொகுதிகள் இருக்கின்றன. கல்திட்டைகள் பற்றி என்றால் ஆங்லேட் அடிகளாரும் நியூட்டனும் எழுதி 1928இல் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று மலைக்காதீர்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு பக்கம் படித்தால் ஒரு மாதத்தில் வசப்படும்.

பழைய தமிழ் ஆய்வேட்டைக் கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்தாக வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முன் அடித்தவையும் பின்னால் பழக்கத்தால் அடித்தவையுமாக ஏராளமான ஆய்வேடுகள் தேடுபொறியின் கண்ணில் படாமல் கிடக்கின்றன. இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. இந்த வரிசை மாற்றத்தில் சில இடங்கள் நழுவும். "கௌரி" என்று ஔகாரக் குறியோடு இருக்க வேண்டியது "கெளரி" என்று கொம்பும் ளகரமுமாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் இருப்பதும் அப்படித்தான்.

இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதுவதே நல்ல இளங்கலைத் திட்டம். தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும், எது வராது என்ற விதியைத் தமிழ் மாணவர் சொல்ல வேண்டும், கணினி மாணவர் அதை நிரலாக்க வேண்டும். மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தீர்களே, அது இங்கேதான் பயன்படப்போகிறது. எங்கள் துறை அலமாரியில் இருந்த பழைய ஆய்வேடுகளை இப்படி ஒவ்வொன்றாக மீட்டு வருகிறோம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி ஊர் ஊராக நடந்து திரட்டிய தாலாட்டு, ஒரு சொல்லைத் தட்டியதும் திரையில் வந்து நிற்கும்போது நெஞ்சு நிறைகிறது.

கல்திட்டைகளைச் செல்போனில் அளக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். தாண்டிக்குடிப் பக்கமும் பெருமாள்மலை, அடுக்கம் பக்கமும் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இருக்கின்றன. பலகைக் கற்களைத் தரைக்கு மேலே நிறுத்தி மூடுகல் வைத்தால் கல்திட்டை, தரைக்குள்ளே அமைத்தால் கல்பதுக்கை. தாண்டிக்குடியில் அகழாய்வும் நடந்திருக்கிறது.

கல்லைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் பாதிக்கு மேல் மறுபடி விழ வேண்டும். ஜூம் செய்யக் கூடாது. அளவுக்கு ஒரு ஸ்கேலைக் கல்லின் அடியில் வையுங்கள். மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள் அந்தப் படங்களைக் கோத்து முப்பரிமாண வடிவம் கொடுத்துவிடும். நல்ல வெயிலில் போகாதீர்கள். நிழல் விழுந்த பகுதி கறுப்பாகிப்போகும். மூடுபனி மெல்லியதாக இருக்கும் காலைதான் சரியான நேரம், ஒளி நாலு பக்கமும் ஒன்றுபோல விழும். சுற்றுலா வருபவர்கள் மஞ்சு மூடிவிட்டதே என்று சலித்துக்கொள்ளும் அதே பொழுது நமக்கு வேலைக்கு ஆகும்.

கல்லில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். சரியான இருப்பிடக் குறியை ஆய்வேட்டில் அச்சிடவும் வேண்டாம். புதையல் இருக்கும் என்று கடப்பாரையோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரின் பெயரோடு நிறுத்திவிட்டு, குறியைத் துறையில் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று. அந்தக் கற்களுக்கு ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்காமல் திரும்பாதீர்கள். பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும். அளவு நாளைக்கும் கிடைக்கும், கதை சொல்லும் தாத்தா அடுத்த ஆண்டு இருப்பாரா என்பது தெரியாது.

பேட்டியை ஒலிப்பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காற்றை. இந்த மலையில் ஒலிப்பதிவைக் கெடுப்பது காற்றும் தகரக் கூரையில் விழும் மழையும்தான். வீட்டுக்குள், அடுப்படிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். செல்போனின் மைக் பகுதிக்கு மெல்லிய துணி உறை போட்டால் காற்றின் இரைச்சல் குறையும். வேவ் வடிவத்தில் பதியுங்கள். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்தச் சத்தத்தின் நுட்பத்தைக் கழித்துவிடும், பின்னால் உச்சரிப்பை ஆராய முடியாது. தொடக்கத்திலேயே தேதி, ஊர், பதிய அனுமதி கேட்டது, அவர் சரி என்றது எல்லாம் ஒலியிலேயே இருக்கட்டும்.

அன்றிரவே மூன்று பிரதி எடுங்கள். ஒன்று லேப்டாப்பில், ஒன்று பென்டிரைவில், ஒன்று இணையச் சேமிப்பில். எங்கள் முதல் ஆண்டில் ஒரு மாணவி மன்னவனூரில் எடுத்த பதிவுகளெல்லாம் ஒரே செல்போனில் இருந்தன. அது ஓடையில் விழுந்தது. பிரதி எடுக்கச் சொல்லாதது என் தவறு. மறுபடி போனபோது, பேசிய அம்மையார் மகள் வீட்டுக்கு மதுரை போயிருந்தார். அவர் திரும்பும்வரை அந்த இயல் காலியாகவே கிடந்தது.

பேச்சை எழுத்தாக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். அதோடு நிறுத்துங்கள். இந்தக் கருவிகள் செய்தித் தமிழையும் நகரத்துப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவை. மேல்மலையில் ஒருவர் சொல்லும் சொல் அவற்றுக்குப் புரியாதபோது, புரியவில்லை என்று சொல்லாமல் தெரிந்த சொல் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். வாக்கியம் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் தேடிப்போன சொல்தான் அதில் இருக்காது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்தையும் காதில் போட்டுச் சரிபாருங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறேழு மணி நேரம் ஆகும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். கருவி எந்தெந்தச் சொல்லில் தவறியது என்று பட்டியல் போட்டு வைத்தால் கணினி மாணவருக்கு அதுவே ஓர் இயல்.

ஆய்வேட்டை முழுவதும் அதில் எழுதிக்கொள்ளலாமா?

கூடாது. நீங்கள் பார்த்ததை அது பார்க்கவில்லை.

பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதுமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்தில் திருத்தித் தர வேண்டும். ஆனால் தமிழில் இந்தச் சோதனை இன்னும் சரியாகப் பிடிபடுவதில்லை. பழைய எழுத்துரு ஆய்வேட்டிலிருந்து எடுத்து எழுதினால் கருவிக்குத் தெரியாது, படித்த ஆசிரியருக்குத் தெரியும். எடுத்தால் யாரிடமிருந்து எடுத்தோம் என்று எழுதுங்கள், அவ்வளவுதான்.

காட்டுக்குள் போக யாரிடம் அனுமதி வாங்குவது?

2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஆய்வு செய்யக் கல்லூரி மூலமாக வனத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள் எடுக்கும், எனவே தலைப்பு முடிவான வாரமே எழுதிவிடுங்கள். தெரிந்த வனக்காவலர் அண்ணன் இருக்கிறார் என்று வாய்ப்பேச்சில் உள்ளே போகாதீர்கள், நாளைக்கு அவருக்குத்தான் கஷ்டம்.

இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்பில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். ஏன் உடனே சரி என்று சொல்ல மறுக்கிறீர்கள்?

காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு குடியிருப்புக்குப் போனேன். எங்கள் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்த பெரியவர், "போன தடவை வந்தவங்களும் இதத்தான் கேட்டாங்க. அதுக்கு முந்தி வந்தவங்களும் இதத்தான் கேட்டாங்க. அந்தப் பேப்பர் எல்லாம் எங்க தாயி போச்சு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்ன தேன், கிழங்கு, மருந்துச் செடி எல்லாம் எத்தனையோ அலமாரியில் பைண்டிங் போட்டு இருக்கும். ஒரு பிரதிகூட அந்த ஊருக்கு வந்து சேரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் துறையில் சில விதிகள். முன்பு கேட்டதையே மறுபடி கேட்கக் கூடாது, இருப்பதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். தேன் எடுக்கும் இடம், மருந்துச் செடி இருக்கும் இடம் ஆகியவற்றை அவர்கள் சம்மதமின்றி எழுதக் கூடாது. அந்தச் சமுதாயத்துப் பிள்ளை யாராவது நம் கல்லூரியில் படித்தால், தகவல் தருபவராக அல்ல, ஆய்வு செய்பவராகவே சேர வேண்டும். ஊர் வேண்டாம் என்றால் வேண்டாம். வேறு தலைப்புக்கா பஞ்சம்?

செலவுக்குப் பணம்?

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் திட்டங்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஆசிரியர்கள் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டாலும் பெரிய செலவில்லை. பஸ் காசு, ஜெராக்ஸ், போகும் வீட்டுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்.

மதிப்பெண் எப்படிப் பிரியும்?

ஆய்வேடு இரண்டு. ஒரே களம், ஒரே தரவு, ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் துறைக்கு அவரவர் எழுத வேண்டும். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் மற்றவர் வேலையைப் பற்றியும் கேட்போம்.

குறிஞ்சி பற்றிச் செய்ய ஆசை. அடுத்து 2030இல்தானே பூக்கும்?

நீலக்குறிஞ்சி இங்கே 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்து 2030. குறிஞ்சித் திணை என்று நூற்றுக்கணக்கான பாட்டு நடத்துகிறோம், அந்தப் பூவை என் மாணவர்களில் பலர் நினைவு தெரிந்து பார்த்ததில்லை. பூக்கிற ஆண்டில் எல்லாரும் கேமராவோடு வருவார்கள். பூக்காத ஆண்டுகளில் அந்தப் புதர் எங்கே இருந்தது, எந்தச் சரிவில் தைல மரமும் சீகை மரமும் அதை நெருக்கியது என்று பார்க்க ஆளில்லை. அந்த வேலை இன்று தொடங்க வேண்டியது. ஒரு சரிவை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை அதே இடத்தில் நின்று அதே திசையில் படமெடுத்து, வரைபடத்தில் ஏற்றுங்கள். உங்கள் பேட்ச் போனதும் அடுத்த பேட்ச் தொடரும்.

கூடவே, முந்தைய பூப்புகளைப் பார்த்தவர்களின் நினைவைத் திரட்டுங்கள். குறிஞ்சி பூத்ததைக் கொண்டு வயதைக் கணக்கிடும் வழக்கம் இந்த மலையில் இருந்தது. "மூத்தவன் பிறந்தப்போ பூத்திச்சு" என்று ஒருவர் சொன்னால் அது ஒரு தேதி. அப்படிப் பத்துப் பேர் சொன்னதை வைத்து எந்தச் சரிவில் எப்போது பூத்தது என்று வரிசைப்படுத்த முடியும்.

பெண் பிள்ளையைத் தனியாக ஊர் ஊராக விடமாட்டேன் என்கிறார் அப்பா.

சரியாகத்தான் சொல்கிறார். தனியாக அனுப்ப மாட்டோம். இருவராகவோ மூவராகவோ போவது, கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே திரும்புவது, போகும் வீட்டின் பெயரைத் துறையில் எழுதி வைப்பது என்பது எங்கள் ஏற்பாடு. வேண்டுமானால் அப்பாவையே முதல் நாள் கூட்டி வாருங்கள். அப்படி வந்த ஒரு அப்பா, மகள் கேட்கத் தெரியாமல் விழித்த கேள்விகளை அவரே கேட்டு, பதிலும் வாங்கித் தந்தார்.

வைவா முடிந்ததும் எல்லாம் முடிந்ததா?

இல்லை. ஆய்வேட்டின் சுருக்கத்தை எளிய தமிழில் நாலு பக்கம் எழுதி, படங்களோடு ஊருக்குக் கொண்டு போக வேண்டும். ஒலிப்பதிவை யார் பேசினாரோ அவர் வீட்டுக்கும், அவர் சம்மதித்தால் ஊர் நூலகத்துக்கும் கொடுக்க வேண்டும். இதைச் செய்துவிட்டு வந்து கையெழுத்து வாங்கினால்தான் எங்கள் துறையில் நோ டியூ, அதாவது பாக்கியில்லை என்ற சான்று.

பூண்டைத் தட்டிப் பார்த்த பாட்டியிடம் அப்படித்தான் போனோம். மாணவி செல்போனில் அவர் குரலைப் போட்டதும், பாட்டி முதலில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து வாசலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சொல் பட்டியலைப் படிக்கச் சொன்னார். மாணவி படித்துக்கொண்டே வர, ஒன்பதாவது சொல்லில் நிறுத்தி, "அது காயாத பூண்டு இல்ல கண்ணு, பாதி காஞ்சது" என்றார். அச்சாகி, பைண்டிங் ஆகி, மதிப்பெண்ணும் போட்டு முடித்த ஆய்வேடு. பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீல மையால் அடித்துத் திருத்தினோம். துறைப் பிரதியிலும் அந்தப் பக்கத்தில் அதே திருத்தம் இருக்கிறது. வந்து பார்க்கலாம்.